நேரமுத்திரையும் நிகழ்வொழுங்கும்: மென்பொருள் ஆக்கக் கருவிகளிற் காலம் ஒப்பிடப்படும் முறை பற்றிய ஒரு நோக்கு

1

இரண்டு ஆவணங்களுள் எது முந்தியது, எது பிந்தியது என்னும் வினா இலக்கிய வரலாற்றாய்வின் அடிப்படை வினாக்களுள் ஒன்று. ஏடுகளையும் பதிப்புகளையும் ஒப்பிட்டுக் காலவரிசை வகுப்போர் எதிர்கொள்ளும் இவ்வினாவையே கணினியும் நாள்தோறும் எதிர்கொள்கிறது. மென்பொருளை உருவாக்கப் பயன்படும் ஆக்கக் கருவிகள், ஒரு கோப்பு மற்றொரு கோப்பினும் பழையதா புதியதா என ஒப்பிட்டுப் பார்த்த பின்னரே தமது வேலையைத் தொடங்குகின்றன. அவ்வொப்பீடு தவறுமாயின், செய்ய வேண்டிய வேலை செய்யப்படாமற் போகிறது. அல்லது செய்யத் தேவையற்ற வேலை மீண்டும் மீண்டும் செய்யப்படுகிறது. இரண்டும் மனித உழைப்பின் விரயமே.

இது பொறியியலாளருக்கு மட்டுமே உரிய நுட்பப் பிரச்சினை எனத் தோன்றலாம். அவ்வாறன்று என்பதே இக்கட்டுரையின் துணிபு. காலத்தை யார் வகுக்கிறார், யாருடைய கடிகாரம் அளவுகோலாகிறது, அளவுகோல் மாறும்போது பழைய பதிவுகளுக்கு என்ன நேர்கிறது ஆகிய வினாக்கள் இதனுள் அடங்கியுள்ளன. 1996க்கும் 2006க்கும் இடையில் மூன்று முறை அரசு நேரம் மாற்றப்பட்ட, அக்காலத்தில் இரண்டு நேரங்கள் அருகருகே வழங்கிய கிழக்கிலங்கையில் வாழ்வோருக்கு இவ்வினாக்கள் வெறும் கோட்பாட்டு வினாக்களல்ல. முதலில் கருவியின் இயல்பையும், அடுத்துக் கோப்பு முறைமைகளின் வேறுபாட்டையும், பின்னர் நமது நாட்டு நிலைமையையும் நோக்குவோம்.

2

செய்நிரலாளர் எழுதும் மூலக்கோப்பு மனிதர் வாசிக்கத்தக்க மொழியில் அமைந்தது. அதனைத் தொகுப்பான் என்னும் செய்நிரல் இயந்திரமொழிக் கோப்பாக மாற்றுகிறது. அத்தகைய பல கோப்புகள் இணைக்கப்பட்டு இறுதி மென்பொருள் உருவாகிறது. பெரிய மென்பொருளொன்றில் ஆயிரக்கணக்கான மூலக்கோப்புகள் இருத்தல் கூடும். அவற்றுள் ஒன்றைத் திருத்தியதும் அனைத்தையும் மீளத் தொகுப்பது பெரும் விரயம். திருத்தப்பட்டதையும் அதனைச் சார்ந்தவற்றையும் மாத்திரம் மீளத் தொகுத்தாற் போதும். ஆனால் எவை திருத்தப்பட்டன என்பதை நினைவில் வைத்திருப்பது யார்?

பழைய அச்சுக்கூடமொன்றை எடுத்துக்கொண்டால் இது தெளிவாகும். ஆசிரியரின் கையெழுத்துப் படி, அதைப் பார்த்துக் கோக்கப்பட்ட எழுத்துகள், அவற்றிலிருந்து எடுக்கப்பட்ட ஒப்புநோக்கற் படி, இறுதியாக அச்சேறிய பக்கம் என்னும் வரிசையில் ஒவ்வொன்றும் தனக்கு முந்தியதைச் சார்ந்து நிற்கிறது. எழுத்துக் கோத்த பின்னர் ஆசிரியர் கையெழுத்துப் படியில் ஒரு திருத்தம் செய்து, அதனை எழுத்துக் கோப்பவர் அறியாதிருப்பாராயின், அச்சாகும் பக்கம் பழைய பாடத்தையே தாங்கி வரும். ஒப்புநோக்குபவர் எத்துணை விழிப்பாயிருந்தாலும் அவர் கையிலுள்ள படிக்கும் ஆசிரியர் மனத்திலுள்ள பாடத்துக்கும் இடைவெளி இருந்துகொண்டேயிருக்கும்.

இத்தகைய இடைவெளியே ‘மேக்’ என்னும் கருவியின் பிறப்புக்குக் காரணமாயிற்று. 1976இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் ஸ்ருவேட் பெல்ட்மன் என்பவர் இதனை ஆக்கினார். அவருடைய சக ஆய்வாளரான ஸ்ரீவ் ஜோன்சன், தமது செய்நிரலிலுள்ள பிழையொன்றைத் தேடி ஒரு காலைப்பொழுதையே செலவிட்டார். பிழையோ ஏற்கெனவே மூலக்கோப்பில் திருத்தப்பட்டிருந்தது. திருத்திய கோப்பு மீளத் தொகுக்கப்படவில்லை என்பதே உண்மை. சரியான செய்நிரலிற் பிழை தேடி ஒருவர் உழைப்பை இழந்த அனுபவத்திலிருந்து அக்கருவி பிறந்தது என பெல்ட்மன் பின்னர் எடுத்துரைத்துள்ளார். கணினித் துறையின் முதன்மைக் கழகமான ஏ.சி.எம். 2003ஆம் ஆண்டுக்குரிய மென்பொருள் முறைமை விருதை இதற்காக அவருக்கு வழங்கியது.

மேக் கருவியின் விதி மிக எளிது. எக்கோப்பு எவற்றைச் சார்ந்தது என்பதைச் செய்நிரலாளர் எழுதி வைக்கிறார். கருவி, ஆக்கப்பட்ட கோப்பின் இறுதித் திருத்த நேரத்தை அது சார்ந்துள்ள கோப்புகளின் இறுதித் திருத்த நேரத்தோடு ஒப்பிடுகிறது. சார்ந்த கோப்புகளுள் ஏதேனுமொன்று புதியதாயின் மீள ஆக்குகிறது. இல்லையேல் உள்ளதை அப்படியே விட்டுவிடுகிறது. இவ்விதியின் சிறப்பு, அது தனக்கென எந்த நினைவையும் வேண்டாமையே. நினைவுப் பொறுப்பு முழுவதும் கோப்பு முறைமை இடும் நேரமுத்திரையின்மேற் சுமத்தப்படுகிறது. விதியின் குறையும் அவ்விடத்திலேயே தொடங்குகிறது.

3

விதி ஓர் எடுகோளை உட்கொண்டது: எல்லா நேரமுத்திரைகளும் ஒரே கடிகாரத்தால், ஒரே நுண்மையோடு, ஒரே தொடக்கப் புள்ளியிலிருந்து எண்ணப்பட்டவை என்பதே அது. யுனிக்ஸ் முறைமை இயங்கிய ஒரு கணினி, அதன் ஒரு தட்டு, அதன் ஒரு கடிகாரம் என்றிருந்த சூழலில் இது பெரும்பாலும் பொருந்திற்று. கோப்புகள் ஒரு முறைமையிலிருந்து இன்னொன்றுக்குப் பெயரத் தொடங்கியதும் அவ்வொருமை குலைந்தது.

முதல் வேறுபாடு நுண்மை பற்றியது. மைக்ரோசொவ்ற் நிறுவனத்தின் டொஸ் காலத்துக் கோப்பு முறைமையான ‘பாற்’, நேரத்தைப் பதிவதற்கு 16 இருமக்குறிகளை ஒதுக்கியது. மணிக்கு 5, நிமிடத்துக்கு 6 என ஒதுக்கியபின் செக்கனுக்கு எஞ்சியவை 5. ஐந்து இருமக்குறிகளால் 32 எண்களையே குறிக்கலாம். ஒரு நிமிடத்திலோ 60 செக்கன்கள் உள்ளன. ஆகவே இரண்டு செக்கனுக்கு ஒன்றாக எண்ணுவதென முடிவாயிற்று. இதன் விளைவாக அம்முறைமையில் ஒற்றைப்படைச் செக்கன் என்பதே இல்லை. லினக்ஸ் முறைமையின் எக்ஸ்ற்-3 வரையான வடிவங்கள் ஒரு செக்கன் நுண்மை கொண்டவை. 2008இல் நிலைபெற்ற எக்ஸ்ற்-4 நனோசெக்கன் அளவிற் பதிய வல்லது. விண்டோஸ் என்.ரி. வழிவந்த என்.ரி.எவ்.எஸ். முறைமை 100 நனோசெக்கனுக்கு ஒன்றாக எண்ணுகிறது.

இரண்டாவது, தொடக்கப் புள்ளி பற்றியது. யுனிக்ஸ் 1970 சனவரி 1இலிருந்து எண்ணுகிறது, என்.ரி.எவ்.எஸ். 1601 சனவரி 1இலிருந்து எண்ணுகிறது. அப்பிள் நிறுவனத்தின் பழைய எச்.எவ்.எஸ். முறைமை 1904இலிருந்து எண்ணியது. பாற் 1980இலிருந்து எண்ணுகிறது. இவ்வேறுபாட்டைக் கூட்டிக் கழித்து நேர்செய்தல் எளிது.

மூன்றாவது வேறுபாடே பாரதூரமானது. யுனிக்ஸ் வழிவந்தனவும் என்.ரி.எவ்.எஸ். முறைமையும் சர்வதேச நியம நேரத்திற் பதிகின்றன. பாற் முறைமையோ சுவர்க்கடிகாரம் காட்டும் உள்ளூர் நேரத்தை அப்படியே பதிகிறது; எந்த ஊரின் நேரம், கிறீனிச்சிலிருந்து எத்துணை வேறுபட்டது என்ற குறிப்பு எதனையும் உடன் வைப்பதில்லை. நமது நினைவகக் குச்சிகளும் ஒளிப்படக் கருவிகளின் அட்டைகளும் நெடுங்காலம் பயன்படுத்தியது இம்முறைமையையே என்பதை இவ்விடத்து மனங்கொள்ள வேண்டும். 2006இல் வந்த எக்ஸ்பாற் முறைமையிலேயே கிறீனிச் வேறுபாட்டைக் குறிப்பதற்கு இடம் ஒதுக்கப்பட்டது.

நுண்மை வேறுபாட்டின் விளைவுகளைச் சற்று விரித்து நோக்கலாம். ஒரு செக்கன் நுண்மையுடைய முறைமையில், கோப்பொன்று தொகுக்கப்பட்ட அதே செக்கனுக்குள் மூலம் மீளத் திருத்தப்படுமாயின் இரண்டின் முத்திரையும் ஒன்றாகவே இருக்கும். சமமாயிருந்தால் மீள ஆக்க வேண்டியதில்லை என்பது மேக் கொள்ளும் முடிவு. ஆகவே திருத்தம் கவனிக்கப்படாது போகிறது. 1976இன் கணினிகளில் ஒரு செக்கனுக்குள் இவ்வளவும் நடைபெறுதல் அரிது. இன்றைய கணினிகளில் அது இயல்பு. இதற்கு மறுதலையாக, நுண்மை மிக்க முறைமையிலிருந்து நுண்மை குறைந்த முறைமைக்கு நேரமுத்திரையைக் காத்தவாறு கோப்பொன்று படியெடுக்கப்படும்போது, செக்கனின் பின்னப்பகுதி வெட்டுண்டு போகிறது. 10 மணி 0.7 செக்கனுக்குரிய மூலத்தின் படி, சரியாக 10 மணிக்குரியதாகத் தோன்றுகிறது. அதாவது படி தன் மூலத்தினும் பழையது! கருவி ஒவ்வொரு முறையும் அதனை மீள ஆக்க முனையும். ஒவ்வொரு முறையும் விளைவு பழையதாகவே தோன்றும்.

வலையமைப்பு வழியே கோப்புகள் பகிரப்படும் இடத்திற் சிக்கல் மேலும் வளர்கிறது. கோப்பு சேவகக் கணினியின் தட்டில் உள்ளது. முத்திரை இடுவது பெரும்பாலும் அதன் கடிகாரம். தொகுப்பவரின் கணினியோ வேறு கடிகாரத்தைப் பார்க்கிறது. இரண்டும் சில செக்கன்கள் முரண்பட்டால், இனிமேல் வரவிருக்கும் நேரத்தில் எழுதப்பட்ட கோப்பு ஒன்று இப்போதே கண்முன் நிற்கும் விந்தை நிகழும். இந்நிலையில் இன்றைய மேக் கருவி, கடிகாரப் பிறழ்வு காணப்படுகிறது, ஆக்கம் முழுமை பெறாதிருக்கலாம் என எச்சரிக்கிறது. எச்சரிப்பதற்கு மேல் அதனால் எதுவும் செய்ய முடிவதில்லை.

4

இனி நமது நாட்டு நிலைமைக்கு வருவோம். நேரம் இயற்கையின் கொடை என எண்ணுவது பொதுவழக்கு. ஆனால் நியம நேரம் என்பது சமுதாய வரலாற்றின் விளைபொருள். தொழிற்சாலை முதலாளிகள் உணவு இடைவேளைகளிலிருந்து நிமிடங்களைத் திருடிய முறையை மார்க்ஸ் ‘மூலதனம்’ நூலில் வேலைநாள் பற்றிய அதிகாரத்தில் விரிவாக எடுத்துக்காட்டினார். கடிகார ஒழுக்கம் தொழிலாளர்மீது எவ்வாறு திணிக்கப்பட்டது என்பதை ஈ.பி. தொம்சன் 1967இல் வெளியிட்ட ஆய்வு விளக்கியது. இந்தியாவிலும் இலங்கையிலும் ஐந்தரை மணி நேர நியமம் 1906 சனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. பம்பாய்ப் பஞ்சாலைத் தொழிலாளர் அம்மாதத்திலேயே புதிய நேரத்தை எதிர்த்துக் கிளர்ந்தமை வரலாறு.

இலங்கையில் இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் நேரம் முன்தள்ளப்பட்டு, 1945இல் மீண்டும் ஐந்தரைக்கு வந்தது. அதன்பின் 1996இல், வரட்சியால் நீர்மின் உற்பத்தி வீழ்ந்து மின்வெட்டு நிலவிய சூழலில், மே 25 அன்று நேரம் ஒரு மணி முன்தள்ளப்பட்டு ஆறரையாயிற்று. அதே ஆண்டு ஒக்தோபர் 26 அன்று அரைமணி குறைக்கப்பட்டு ஆறாயிற்று. ஏறத்தாழப் பத்தாண்டுகளின் பின்னர், 2006 ஏப்பிரல் 15 அன்று, விய வருடப் பிறப்பை அடுத்து, மீண்டும் ஐந்தரையாயிற்று. விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டிலிருந்த பகுதிகளோ 1996ஆம் ஆண்டு மாற்றத்தை ஏற்கவேயில்லை. அங்கு ஐந்தரை மணி நேரமே தொடர்ந்து வழங்கிற்று. இதனால் மட்டக்களப்பு வாவியின் எழுவான்கரையில் ஒரு நேரமும் படுவான்கரையின் பெரும்பகுதியில் வேறொரு நேரமுமாக மக்கள் வாழ நேர்ந்தது. அம்பாறை மாவட்டத்திலும் ஆலையடிவேம்பு, அக்கரைப்பற்று, கல்முனை ஆகிய கரையோர ஊர்கள் அரசு நேரத்தையும், கஞ்சிகுடிச்சாற்றுப் புறம் மறு நேரத்தையும் கொண்டிருந்தன. பள்ளிவாசல்களின் தொழுகை நேரங்கள் சூரியனைக் கொண்டு கணிக்கப்படுவன. ஆகவே நேரம் மாறிய ஒவ்வொரு முறையும் தொழுகை அவ்விடத்திலேயே நிற்க, அட்டவணையிலுள்ள எண்கள் மாத்திரம் பெயர வேண்டியிருந்தன. நிகழ்வு வேறு, நிகழ்வின்மேல் ஒட்டப்பட்ட எண் வேறு என்பதற்கு இதனினும் சிறந்த சான்று தேவையில்லை.

2006ஆம் ஆண்டு மாற்றத்தைக் கணினிக்குள் வைத்துப் பார்ப்போம். அவ்விரவு 12.30 மணியானதும் கடிகாரம் 12.00க்குத் திருப்பப்பட்டது. ஆகவே நள்ளிரவுக்குப் பிந்திய அரைமணி நேரம் இரண்டு முறை நிகழ்ந்தது. முதற் சுற்றில் 12.20க்கு ஒரு கோப்பையும், அதிலிருந்து கால்மணி நேரம் கழித்து இரண்டாம் சுற்றில் 12.05க்கு வேறொரு கோப்பையும் ஒருவர் பாற் முறைமையில் எழுதியிருந்தால், பிந்திய கோப்பு முந்தியதாகவே என்றென்றும் பதிந்திருக்கும்.

இது ஓரிரவின் சிக்கல். இதனினும் நீடித்த சிக்கலொன்று உண்டு. விண்டோஸ் முறைமை, பாற் கோப்பின் உள்ளூர் நேரத்தை நியம நேரமாக மாற்றும்போது, கோப்பு எழுதப்பட்ட நாளில் இருந்த வேறுபாட்டைக் கருதாது, இப்போது நடப்பிலுள்ள வேறுபாட்டையே கழிக்கிறது. 2006 ஏப்பிரல் 10ஆம் நாள் காலை 10 மணிக்கு, இயந்திரமொழிக் கோப்பொன்று பாற் முறைமையுடைய நினைவகக் குச்சியில் ஆக்கப்பட்டது எனக் கொள்வோம். நியம நேரம் அப்போது 4.00. அதன் மூலக்கோப்பு என்.ரி.எவ்.எஸ். தட்டில் உள்ளது, அது 10.20க்கு, அதாவது நியம நேரம் 4.20க்குத் திருத்தப்பட்டது. மூலம் புதியது, மீள ஆக்கம் தேவை. ஆனால் மீள ஆக்காமல் ஒரு வாரம் கழிந்து, ஏப்பிரல் 17இல் கருவி இயக்கப்படுகிறது. இப்போது குச்சியிலுள்ள 10.00 என்ற எண்ணிலிருந்து ஆறுக்குப் பதிலாக ஐந்தரை கழிக்கப்பட, ஆக்கப்பட்ட கோப்பு 4.30க்கு உரியதாகத் தோன்றும். மூலமோ 4.20. ஆக்கம் மூலத்தினும் புதியது, செய்வதற்கு எதுவுமில்லை எனக் கருவி முடிவு செய்துவிடும். எவரும் கோப்பைத் தொடவில்லை, அரசாங்கம் கடிகாரத்தைத் தொட்டது, அவ்வளவே. திருத்தம் மறைந்து போயிற்று.

மற்றொரு நிலையையும் எண்ணிப் பார்க்கலாம். ஓர் அலுவலகத்தில் இரண்டு கணினிகள். ஒன்றில் நேரவலயம் முறையாக மாற்றப்பட்டது. மற்றையதில் வலயம் ஆறு மணியாகவே விடப்பட்டு, கடிகார முள் மாத்திரம் அரைமணி பின்னுக்கு இழுக்கப்பட்டது. இரண்டின் முகப்பும் ஒரே நேரத்தையே காட்டும். ஆனால் உள்ளே இரண்டாவதன் நியம நேரம் அரைமணி பின்தங்கியது. அதில் இப்போது திருத்தப்பட்ட மூலம், முதற் கணினியிற் பத்து நிமிடங்களுக்கு முன் ஆக்கப்பட்ட கோப்பினும் பழையதாகத் தோன்றும். தோற்றத்தில் உடன்பாடும் அடிப்படையில் முரண்பாடும் நிலவும் இந்நிலையில், பழி கருவியின்மேல் விழுவதில்லை. திருத்தத்தைச் செய்யவில்லை என ஊழியர்மேலேயே விழுகிறது.

5

ஆக்கக் கருவிகளோடு இப்பிரச்சினை முடிவதில்லை. 2004 டிசெம்பர் 26ஆம் நாள் சுமாத்திராவுக்கு அப்பால் நிகழ்ந்த நிலநடுக்கம் நியம நேரம் 00.58.53க்கு உரியது. அச்சேயில் அது 7.58.53, இலங்கை அரசு நேரப்படி 6.58.53, சென்னையிலும் வன்னியிலும் 6.28.53. ஏறத்தாழ இரண்டு மணி நேரத்துக்குள் ஆழிப்பேரலை நமது கரையை அடைந்தது. இலங்கையில் மிகக் கூடிய உயிரிழப்பைச் சந்தித்த அம்பாறை மாவட்டத்தில் மாத்திரம் 10,000க்கும் மேற்பட்டோர் மாண்டனர்.

அன்று கல்முனையில் 9.15க்கு எடுக்கப்பட்ட ஒளிப்படமொன்று நினைவக அட்டையில் 9.15 என்றே பதிந்திருக்கும். அதே கணத்தில் மறு நேரம் வழங்கிய பகுதியில் எடுக்கப்பட்ட படம் 8.45 எனப் பதிந்திருக்கும். இன்று ஓர் ஆவணக்காப்பாளர் இரண்டையும் ஒரே கணினியிலிட்டு முத்திரைப்படி வரிசைப்படுத்தினால், ஒரே கணம் அரைமணியாற் பிளவுறும். கணினிகள் பயன்படுத்தும் உலக நேரவலயத் தரவுத்தொகுதியில் இலங்கைக்கு ‘ஆசியா/கொழும்பு’ என்ற ஒரே வலயமே உண்டு. 1996, 2006 மாற்றங்கள் அதிலே முறையாகப் பதியப்பட்டுள்ளன. புலிகளின் பகுதிகளில் வழங்கிய நேரம் பற்றிய செய்தியோ குறிப்புரையில் மாத்திரம் இடம்பெறுகிறது. குறிப்புரையை மனிதர் வாசிப்பர், இயந்திரம் வாசிப்பதில்லை. அதிகார மையத்தின் நேரம் தரவாகவும் விளிம்பின் நேரம் குறிப்பாகவும் அமைந்திருப்பது தொகுத்தோரின் குற்றமன்று. வலயத்தை ஓர் அரசு, ஒரு நேரம் என்று வகுக்கும் கட்டமைப்பின் இயல்பு. எனினும் போர்க்காலத்து ஆவணங்களையும் பேரழிவின் ஆவணங்களையும் ஆராய முனைவோர் இதனை அறிந்திருத்தல் இன்றியமையாதது.

ஏட்டுச்சுவடிகளோடு பழகியோர்க்கு இந்நிலை புதியதன்று. சுவடியின் இறுதியில் எழுதினோர் குறித்து வைக்கும் ஆண்டு பெரும்பாலும் பிரபவ முதலிய அறுபதாண்டு வட்டத்தின் பெயராகவே இருக்கும். விய என்று மட்டும் கண்டால் அது 1886ஆ, 1946ஆ, 2006ஆ என்பதை அப்பெயர் சொல்லாது. பாற் முறைமையின் நேரமும் அவ்வாறே, தனக்குள் சரியானது, தன் சூழலுக்கு வெளியே பொருள் மயங்குவது. மேலும், சுவடியின் இறுதியிலுள்ள நாள் படியெடுத்த நாளேயன்றி நூல் தோன்றிய நாளன்று. நேற்றுப் படியெடுத்த ஏடு மிகப் பழைய பாடத்தைத் தாங்கி நிற்கலாம். முந்நூறாண்டுப் பழமையுடைய ஏடு பிற்காலத்தோர் திரித்த பாடத்தைக் கொண்டிருக்கலாம். சி.வை. தாமோதரம்பிள்ளையும் உ.வே. சாமிநாதையரும் ஏடுகளைத் தேடித் தொகுத்து ஒப்பிட்டபோது, ஏட்டின் வயது துணைச் சான்றாயிற்றே தவிர முடிவாகவில்லை. பாடத்தைப் பாடத்தோடு வைத்து நோக்குவதே பதிப்பு முறையின் உயிர்நிலை. ஆக்கக் கருவிகளின் வரலாறும் இறுதியில் அம்முடிவை நோக்கியே நகர்ந்திருக்கிறது.

6

மாற்று வழிகள் மூன்றெனலாம்.

முதலாவது, ஒழுங்கை விடுத்து வேறுபாட்டை நோக்குதல். ‘இது அதனினும் புதியதா’ என வினவாமல், ‘சென்ற முறை ஆக்கியபோது இக்கோப்பின் முத்திரை எதுவாயிருந்ததோ அதுவே இப்போதும் உள்ளதா’ எனக் கருவி வினவுகிறது. இதற்குக் கருவி தன்னிடம் ஒரு குறிப்பேட்டை வைத்திருத்தல் வேண்டும். ஆனால் இரண்டு கடிகாரங்களை ஒப்பிடும் தேவை ஒழிகிறது. முத்திரை முன்னோக்கி மாறினாலென்ன, பின்னோக்கி மாறினாலென்ன, மாறியது என்பதே போதும். மேற்கூறிய நினைவகக் குச்சி எடுத்துக்காட்டில் மூலத்தின் முத்திரை மாறியிருப்பதைக் கருவி கண்டு மீள ஆக்கியிருக்கும். நேரவலய மாற்றத்தால் தேவையற்ற ஆக்கம் நிகழக்கூடும். தேவையான ஆக்கம் தவறாது. உழைப்பு சற்று மிகுதல், தவறான விளைவினும் பொறுக்கத்தக்கது.

இரண்டாவது, உள்ளடக்கத்தையே ஒப்பிடுதல். கோப்பின் முழு உள்ளடக்கத்தையும் கணித்துப் பெறப்படும் சுருக்கக்குறி ஒன்றை வைத்து, உள்ளடக்கம் மாறியதா எனப் பார்ப்பது இம்முறை. ஸ்கொன்ஸ் என்னும் கருவி இதனை இயல்பான வழியாகக் கொண்டது. கூகிள் நிறுவனம் 2015இல் வெளிப்படுத்திய பேசில் கருவியும் இவ்வழியதே. எழுத்தொன்றும் மாறாமற் கோப்பை மீளச் சேமித்தால் நேரமுத்திரை மாறும், சுருக்கக்குறி மாறாது. எனவே வீண் ஆக்கமும் தவிர்க்கப்படுகிறது. இதன் விலை, ஒவ்வொரு கோப்பையும் முழுமையாக வாசிக்க வேண்டியிருத்தல்.

மூன்றாவது, இரண்டையும் இணைத்தல். கிற் என்னும் பதிப்புக் காப்புக் கருவி, முதலில் நேரமுத்திரை, அளவு முதலிய புறக்குறிகளை முன்பதிவோடு ஒப்பிடுகிறது. அவை மாறாதிருப்பின் உள்ளடக்கத்தை வாசிப்பதில்லை. ஆனால் கோப்பின் முத்திரை, பதிவேடு எழுதப்பட்ட அதே கணத்துக்குரியதாயின், அப்புறக்குறியை நம்பாது உள்ளடக்கத்தை வாசித்துப் பார்க்கிறது. நேரமுத்திரை இங்கு நடுவராயில்லை, சாட்சியாக நிற்கிறது. சாட்சி ஐயத்துக்குரியவராகும் தறுவாயில் மூலத்தையே பார்க்கிறார்கள்.

இதே கருவி கோப்புகளின் திருத்த நேரத்தைச் சேமித்து வைப்பதில்லை என்பதும் கருதத்தக்கது. பழைய பதிப்பொன்றை மீட்டெடுக்கும்போது, அது மீட்ட கணத்தின் நேரத்தையே பெறுகிறது. வரலாற்று நோக்கில் இது பொய்யெனத் தோன்றும். ஆனால் பழைய பதிப்புக்குப் பழைய நேரத்தையே இட்டால், மேக் கருவி அதனைப் பழையதெனத் தள்ளி, புதிய பதிப்பிலிருந்து ஆக்கியதையே வைத்துக்கொள்ளும். ஆக்கக் கருவிக்கு வேண்டியது கோப்பு எப்போது எழுதப்பட்டது என்பதன்று, எப்போது இவ்விடத்துக்கு வந்தது என்பதே. ஒரே முத்திரை இரண்டு வினாக்களுக்கு விடை சொல்ல முடியாது.

7

1978இல் லெஸ்லி லம்போர்ட் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையொன்று இவை அனைத்துக்கும் அடிப்படையான கருத்தை முன்வைத்தது. பல கணினிகள் சேர்ந்து இயங்கும் அமைப்பில், எல்லாருக்கும் பொதுவான ‘இப்போது’ என்பதைக் கடிகாரங்களைக் கொண்டு பிழையின்றி நிறுவ இயலாது. ஆனால் ஒரு செய்தி அனுப்பப்பட்டமை, அது பெறப்பட்டமைக்கு முந்தியது என்பதில் ஐயமில்லை. ஒரு நிகழ்வு மற்றொன்றுக்குக் காரணமாக அமையக்கூடிய உறவே முன்பின் ஒழுங்கின் ஆதாரம். அவ்வுறவில்லாத இரண்டு நிகழ்வுகளுள் எது முந்தியது என வினவுவது பெரும்பாலும் பயனற்றது.

வரலாற்றைக் காரணகாரியத் தொடர்பாக நோக்கும் பொருள்முதல்வாத ஆய்வாளருக்கு இக்கருத்து அந்நியமானதன்று. ஆண்டுகளை வரிசையாக அடுக்கினால் வரலாறு ஆகிவிடாது; எதிலிருந்து எது பிறந்தது, எதை எது சார்ந்து நின்றது என்பதைக் காட்டும்போதே அடுக்கு வரலாறாகிறது. இயந்திரமொழிக் கோப்பு என்பது செய்நிரலாளரின் உழைப்பு உறைந்து நிற்கும் பொருள். அது எம்மூலத்திலிருந்து, எக்கருவியால் ஆக்கப்பட்டது என்னும் உறவை நேரடியாகப் பதிந்து வைப்பதே முறை. அவ்வுறவை மறந்து, அதன்மேல் ஒட்டிய எண்ணை உறவாகவே கொள்வது, பொருளுக்குப் பின்னாலுள்ள மனித உறவை மறந்து விலையைப் பொருளின் இயல்பாகக் கொள்ளும் மயக்கத்தோடு ஒப்பிடத்தக்கது.

இதனால் நேரமுத்திரை பயனற்றதாகிவிடாது. மலிவானது, விரைவானது, பல சந்தர்ப்பங்களிற் போதுமானது. அதனை எங்கு நம்பலாம், எங்கு நம்பலாகாது என அறிவதே தேவை. ஒரே கணினி, ஒரே கோப்பு முறைமை, திருப்பப்படாத கடிகாரம் என்னும் எல்லைக்குள் அது நல்ல சாட்சி. எல்லை தாண்டியதும் எந்த முறைமை இட்டது, எந்த வலயத்தில் இட்டது, எத்துணை நுண்மையோடு இட்டது என்ற மூன்று வினாக்களையும் கேட்ட பின்னரே அதன் வாக்குமூலத்தை ஏற்றல் வேண்டும்.

நமது பல்கலைக்கழகங்களிலும் நூலகங்களிலும் தனியார் வீடுகளிலும் 1996க்கும் 2006க்கும் இடைப்பட்ட காலத்துக் கோப்புகள் பழைய தட்டுகளிலும் அட்டைகளிலும் கிடக்கின்றன. அவை எண்ணிமக் காப்பகங்களுக்கு மாற்றப்படும்போது, நேரமுத்திரையோடு அது இடப்பட்ட இடத்தையும் அவ்விடத்தில் அன்று வழங்கிய நேரத்தையும் தனியே எழுதி வைத்தல் அவசியம். அவ்வாறு எழுதக்கூடியவர்கள் அவ்விரு நேரங்களுக்குள்ளும் வாழ்ந்தவர்களே. அவர்களிடம் இப்போதே கேட்டு எழுதாவிடின், பின்வரும் ஆய்வாளரின் கணினி கொழும்பின் நேரத்தை மட்டும் கொண்டு அனைத்தையும் வரிசைப்படுத்திவிடும்.